கேள்விக் கொப்பி

எங்கள் ரீச்சரிடம் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார். யாரைக் கேட்கலாம் என்றுதான் சொல்லுவார்.

அது தெரியாமல்தான் தவநேசன் அண்ணை பிரெஞ்சு படிக்க வந்தார்.

வகுப்பு நடந்தது பாரிசுக்கு வெளியே, ரயில் கடைசியாக நிற்கிற ஊரில், உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்றின் பின்னறையில். சனிக்கிழமைகளில் பின்னேரம் மூன்று மணிக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் மெசின்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். என் மகன் அந்தச் சத்தத்துக்கு நித்திரையாகிவிடுவான். தள்ளுவண்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கடைசி வாங்கில் இருப்பேன்.

ரீச்சரின் பெயர் சுபாங்கி. வயது முப்பதுதான். ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். கிழமை நாட்களில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. தவநேசன் அண்ணைக்கு நாற்பத்தாறு. ஆனாலும் அவர் எழும்பி நின்றுதான் ரீச்சரோடு கதைப்பார்.

முதல் நாளே தன் விசயத்தைச் சொல்லிவிட்டார்.

"ரீச்சர், நான் வந்து பதினொரு வருசம். இருக்கிறதுக்கு விசா கார்ட் இல்லை. அகதிக் கேஸ் ரிஜக்ற். இப்ப ஒரு வக்கீல், கடைசியா ஒருக்கா ஃபைல் போட்டுப் பாப்பம் எண்டு சொல்லுறா. பங்குனியிலை குடிவரவுக் கந்தோருக்குக் கூப்பிடுவினமாம். பிரெஞ்சிலை கதைக்கோணுமாம்."

"வீட்டிலை ஆர் இருக்கினம் அண்ணை?"

"மனிசியும் மகளும். முல்லைத்தீவிலை. நான் வெளிக்கிடேக்கை மகளுக்கு ரெண்டு வயசு."

விரலை மடித்துப் பார்த்தார்.

"இப்ப பதின்மூண்டு. கார்ட் இல்லாமல் போய்ப் பாக்கவும் ஏலாது, கூப்பிடவும் ஏலாது. அதுதான் ரீச்சர், எனக்கு இலக்கணம் வேணும். ஒரு சொல்லும் பிழைக்கக்கூடாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள் பிழை பிடிக்கக்கூடாது."

பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தார். உள்ளே இலக்கம் போட்டு அறுபத்துநான்கு கேள்விகள்.

"முதலாவது. மேசை ஏன் பெண் ரீச்சர்?"

வகுப்பு சிரித்தது. பிரெஞ்சில் உயிரில்லாத பொருளும் ஒன்றில் ஆண், இல்லாவிட்டால் பெண். அது எங்கள் எல்லாருக்கும் தலையிடிதான். ஆனால் ஏன் என்று ஒருவரும் எழும்பி நின்று கேட்டதில்லை.

எங்களோடு படிக்கிற புஸ்பலதா அக்கா திரும்பிப் பார்த்தார். "நாலு காலிலை நிண்டு வீட்டுப் பாரமெல்லாம் சுமக்குதெல்லோ அண்ணை. பெண்ணாய்த்தானே இருக்கும்."

ரீச்சர் தன் முன்னால் இருந்த மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணை."

"தெரியாதோ?"

"தெரியாது. சந்தைக்குப் பின்னாலை பழைய மேசை கதிரை திருத்துற முசியே ஒருத்தர் இருக்கிறார். பச்சைக் கதவு. அவரைக் கேளுங்கோ."

"நான் என்னெண்டு ரீச்சர் அந்தாளோடை கதைக்கிறது?"

ரீச்சர் சோக்கட்டியை எடுத்துப் பலகையில் ஒரே ஒரு வசனம் எழுதினார். அண்ணை அதைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"பதிலை எழுதிக்கொண்டு வாங்கோ. சொன்ன ஆளின்ர பேரும் வேணும். பேர் இல்லாத பதிலை நான் எடுக்கமாட்டன்."

அடுத்த சனி அண்ணை முன்வாங்கில் நிமிர்ந்து இருந்தார்.

"போனியளோ?"

"ஓம் ரீச்சர். பழைய லத்தீன் மொழியிலை இருந்து வந்த சொல்லாம். அங்கையும் பெண்ணாம்."

"ஆர் சொன்னது?"

"முசியே புஸ்ஸே."

ரீச்சர் சிரிக்கவில்லை. "முசியே புஸ்ஸே. அவரை எனக்கும் தெரியும். பாண் கடைக் கதவிலையும் இருக்கிறார். மருந்துக் கடைக் கதவிலையும் இருக்கிறார்."

அண்ணையின் முகம் கறுத்துப் போயிற்று. கதவைத் தள்ளவும் என்று எழுதியிருக்கிற சொல் அது. அவர் பச்சைக் கதவு வரைக்கும் போயிருக்கிறார். அதில் இருந்ததை உள்ளே இருக்கிறவரின் பெயர் என்று நினைத்து எழுதிக்கொண்டு திரும்பியிருக்கிறார். பதிலைப் போனில் தேடி எடுத்திருக்கிறார்.

"பாவம் முசியே புஸ்ஸே," என்றார் புஸ்பலதா அக்கா. "ஊரே அவரைத்தான் பிடிச்சுத் தள்ளுது."

"கதவு வரைக்கும் போனனான் ரீச்சர். உண்மையாப் போனனான்."

"கதவிலை தள்ளச் சொல்லித்தானே அண்ணை எழுதியிருக்கு."

அவ்வளவுதான் ரீச்சர் சொன்னார்.

மூன்றாம் சனி அண்ணை பிந்தி வந்தார். சட்டைக் கையெல்லாம் மரத்தூள்.

"ரெமி," என்று நின்றபடியே வாசித்தார். "இடக்கைக்காரர். அவருக்கும் தெரியாதாம். நாப்பது வருசமா மேசை செய்யிறாராம், ஒருத்தரும் தன்னட்டை இதைக் கேக்கேல்லையாம். யோசிச்சுச் சொல்லுறாராம்."

"பிறகு?"

"ஒரு கதிரைக்குப் பசை பூசிக்கொண்டு நிண்டவர். காலைப் பிடி எண்டார். காயும்வரைக்கும் பிடிச்சனான். ஒரு மணித்தியாலம்."

"என்ன கதைச்சியள்?"

"அவர்தான் கதைச்சவர். நான் காலைப் பிடிச்சனான்."

"வகுப்புக்கு வந்து ரெண்டு கிழமையிலை வெள்ளைக்காரன்ர காலிலை விழுந்திட்டியள்," என்றார் புஸ்பலதா அக்கா.

"அது கதிரைக் கால் தங்கச்சி."

அண்ணை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ரீச்சர் தெரியாது என்றுதான் சொல்லுவார். பிறகு ஒரு வாசலைச் சொல்லுவார்.

சொல்லின் கடைசி எழுத்தை எழுதிவிட்டு ஏன் வாசிப்பதில்லை என்று கேட்டார். கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுகிற மதாம் பினோவிடம் ரீச்சர் அனுப்பினார்.

"வாயாலை சொல்லாட்டியும் வெட்டத்தான் வேணுமாம் ரீச்சர். ஒரு எழுத்து விட்டாலும் செத்தவரின்ர ஆக்கள் வந்து சண்டை பிடிப்பினமாம். கண்ணாடியை நெத்தியிலை ஏத்தி விட்டிட்டு அறை முழுக்கத் தேடினவ. நான்தான் காட்டினனான்."

எண்பதை ஏன் நாலு இருபது என்று சொல்லுகிறார்கள் என்று கேட்டார். எண்பது தாண்டின மதாம் கோலேயிடம் அனுப்பினார்.

"தனக்கு வயசு போகேல்லையாம். இருபது வயசு நாலு தரம் வந்ததாம். நாயை 'நீங்கள்' எண்டுதான் கூப்பிடுறா ரீச்சர். செத்துப்போன மனிசனையும் அப்பிடித்தானாம்."

"என்ர மனிசன் என்னை அப்பிடிக் கூப்பிட்டால் நானும் வாலாட்டுவன்," என்றார் புஸ்பலதா அக்கா.

மூன்றாம் மாடி, லிஃப்ற் இல்லை என்றும் அண்ணை எழுதியிருந்தார். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அந்த மாடிக்குத் தண்ணிப் போத்தல் ஏற்றிக் கொடுத்தார் என்று பின்னாளில்தான் எனக்குத் தெரிய வந்தது. அதைக் கொப்பியில் அவர் எழுதவில்லை.

இல்லை என்று சொல்ல ஏன் இரண்டு சொல் என்று கேட்டபோது பஸ் ஓட்டுகிற திராமேயிடம் அனுப்பினார். திராமே மாலி நாட்டுக்காரர்.

"ஒண்டு புத்தகத்துக்காம். பஸ்ஸிலை கதைக்க ஒண்டு காணுமாம். மகளுக்குப் பல்லு முளைக்குதாம், நித்திரை இல்லையாம்."

"அதுவும் இலக்கணமோ?" என்றார் புஸ்பலதா அக்கா.

"எழுதுங்கோ அண்ணை," என்றார் ரீச்சர்.

தை மாதம் அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்கு வெளியே குளிர். அவர் கொப்பியைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார்.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. அறுபத்துநாலு கேள்வியிலை பதினாறுதான் முடிஞ்சிருக்கு. அதிலையும் ஒம்பது பேர் தெரியாது எண்டுதான் சொன்னவை. பங்குனி கிட்ட வந்திட்டுது. லாச்சப்பல்லை, எங்கட தமிழ்க் கடைத்தெருவிலை, ஒரு வகுப்பிலை எல்லாத்தையும் தாளிலை அடிச்சுக் குடுக்கினமாம்."

"நல்ல வகுப்பு அண்ணை. எனக்குத் தெரிஞ்ச ஆக்களும் படிச்சவை. போங்கோ."

அண்ணை எதிர்பார்த்தது அதையில்லை.

"கோவமோ ரீச்சர்?"

"இல்லை. பதினேழாவது கேள்வி என்ன அண்ணை?"

அவருக்குச் சொல்ல விருப்பமில்லை. ஆனாலும் பக்கத்தைப் பிரட்டினார்.

"மழை பெய்யுது எண்டு சொல்லேக்கை, முன்னாலை 'அவன்' எண்டு ஒரு சொல்லுப் போடுறாங்கள். அவன் பெய்யுறான் எண்ட மாதிரி. ஆர் ரீச்சர் அந்த அவன்?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"அது எனக்கும் தெரியோணும்," என்றார் புஸ்பலதா அக்கா.

"எனக்கும்தான்," என்றார் ரீச்சர். "ஆத்தங்கரையிலை துண்டு துண்டாத் தோட்டம் இருக்கு. கோவா, கிழங்கு எண்டு மரக்கறி நட்டிருக்கிற முசியே ஒலிவெய்ரா நாள் முழுக்க வானத்தைத்தான் பாக்கிறவர்."

அண்ணை லாச்சப்பல்லுக்குப் போகவில்லை. ஆற்றங்கரைக்குப் போனார். அடுத்த சனி ஒரு பை நிறையக் கோவாவோடு வந்து எல்லாருக்கும் பிரித்துத் தந்தார்.

"அவனைக் கண்டால் தனக்கும் சொல்லட்டாம் ரீச்சர். போன வருசம் உருளைக்கிழங்கெல்லாம் அழுகிப்போச்சாம். அவனோடை கணக்கு ஒண்டு தீர்க்க இருக்காம்."

ஒருநாள் நான் மகனுக்கு ஊசி போடப் போகையில் அண்ணையும் அதே பஸ்ஸில் ஏறினார். என்னைக் காணவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஏறினதும் திராமே தலையைத் திருப்பி, "இண்டைக்கு என்ன கேள்வி?" என்று பிரெஞ்சில் கேட்டார். அவ்வளவு எனக்கும் விளங்கியது.

அண்ணை கேட்டார். பின்னேரம் என்கிற சொல் ஆணா பெண்ணா?

திராமே ஆண் என்றார். முன்னால் இருந்த கிழவி ஒருத்தி பெண் என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், உனக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டாள். பின்னாலிருந்து தொப்பி போட்ட ஒருவர் எழும்பி வந்தார். சிவப்பு விளக்கு பச்சையாகியும் பஸ் வெளிக்கிடவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் அண்ணை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கொப்பியை விரித்து, அவர்களிடம் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து பெயர்.

நான் இறங்கும்போதும் சண்டை முடியவில்லை. பிறகு ரீச்சரிடம் கேட்டேன். நான் வகுப்பில் வாய் திறந்தது அதுதான் முதல் தரம்.

"ரெண்டும் சரியாம் தங்கச்சி," என்றார் ரீச்சர். "அண்ணைதான் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தவர். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது."

மாசிக் கடைசியில் ஒரு சனி, அண்ணை வந்து வாங்கின் ஓரத்தில் இருந்தார். எழும்பவில்லை. பையைத் திறக்கவில்லை.

"இருபத்துமூண்டாவது கேள்வி அண்ணை?"

"கேள்வி இல்லை ரீச்சர்."

அண்ணை பையைக் காலடியில் வைத்தார்.

"வக்கீல் கூப்பிட்டவ. கதைச்சால் மட்டும் காணாதாம். இஞ்சை என்னைத் தெரிஞ்ச ஆக்கள் எழுதின கடிதம் வைக்கோணுமாம். எங்கட ஆக்கள் இல்லை, இந்த ஊர் ஆக்கள். அஞ்சாறு எண்டாலும் வேணுமாம். வாற வெள்ளிக்கு முதல்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். சட்டி கழுவிக் கழுவி வெளிறின கை.

"நான் ரெஸ்ரோரன்றிலை சட்டி கழுவுறவன். அந்தக் குசினியிலையும் தமிழ் ஆக்கள். அறையிலை ஆறு பேர், ஆறும் தமிழ் ஆக்கள். சாமான் வாங்கப் போனாலும் தமிழ்க் கடை. பதினொரு வருசம் ரீச்சர். இஞ்சை என்னை ஆருக்குத் தெரியும்?"

ரீச்சர் கையை நீட்டினார்.

"கொப்பியைத் தாங்கோ அண்ணை."

"இப்ப இலக்கணம் என்னத்துக்கு ரீச்சர்?"

"தாங்கோ."

ரீச்சர் கொப்பியை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தார். கேள்விகளை வாசிக்கவில்லை. பதில்களை வாசிக்கவில்லை.

"ரெமி. இடக்கைக்காரர்."

பக்கத்தைப் பிரட்டினார்.

"மதாம் பினோ. கண்ணாடியை நெத்தியிலை வைச்சுக்கொண்டு தேடுறவ."

"மதாம் கோலே. மூண்டாம் மாடி. லிஃப்ற் இல்லை."

"திராமே. மகளுக்குப் பல்லு முளைக்குது."

அண்ணை தலையை நிமிர்த்தினார்.

"ஒலிவெய்ரா. போன வருசம் கிழங்கு அழுகினது."

ரீச்சர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயராக, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி வாசித்தார். புஸ்பலதா அக்கா விரல் மடித்து எண்ணிக்கொண்டு வந்தார். தன் விரல்கள் முடிந்ததும் தள்ளுவண்டிலில் கிடந்த என் மகனின் விரல்களைப் பிடித்தார். அவையும் முடிந்தன. பிறகும் ஆறு பெயர் இருந்தது.

கடைசிப் பெயருக்குப் பிறகு ரீச்சர் கொப்பியை மூடினார்.

அண்ணை எழும்பி நின்றார்.

"அவை எனக்கு எழுதித் தருவினமோ ரீச்சர்?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

கொப்பியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கேளுங்கோ."

"என்னெண்டு கேக்கிறது?"

முதல் நாள் மாதிரி ரீச்சர் பலகைக்குப் போகவில்லை. சோக்கட்டியைத் தொடவும் இல்லை. அண்ணை தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். வகுப்பு முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

வெள்ளிக்கு முதல் பதினேழு கடிதம் சேர்ந்துவிட்டது. எல்லாரும் எழுதவில்லை. மருந்துக் கடைக்காரர் தனக்கு இதெல்லாம் சரிவராது என்று கையை விரித்துவிட்டார். பஸ்ஸில் வந்த தொப்பிக்காரர் வீடு மாறிப் போய்விட்டார். மதாம் கோலே நாலு பக்கம் எழுதியிருந்தார், அதில் மூன்று பக்கம் நாயைப் பற்றி. திராமே நாலே வரி. என் பஸ்ஸில் நாளுக்கு ஐந்நூறு பேர் ஏறுகிறார்கள், என் மகளின் பல்லை விசாரிக்கிறவர் இவர் ஒருவர்தான் என்று எழுதியிருந்தார். ரீச்சர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

மதாம் பினோ கடிதம் எழுதவில்லை. தனக்குத் தாளில் எழுத வராது என்று சொல்லி, உள்ளங்கை அளவு கல்லில் அண்ணையின் பெயரை வெட்டிக் கொடுத்தார். ஓர் எழுத்தும் குறையவில்லை.

"ஐயோ, உயிரோடை இருக்கிற ஆளுக்குக் கல்லு வெட்டுறதோ," என்று புஸ்பலதா அக்கா பதறினார்.

"பாரம் நல்லாயிருக்கு தங்கச்சி," என்றார் அண்ணை. "கடிதங்கள் பறக்காது."

பங்குனியில் கூப்பிட்டார்கள். போய்வந்த சனி, அண்ணை எழும்பி நின்றார்.

"பிழை விட்டனான் ரீச்சர். நிறைய. ஆணைப் பெண்ணாக்கினன், பெண்ணை ஆணாக்கினன்."

"பிறகு?"

"மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவ கடிதங்களை ஒவ்வொண்டா வாசிச்சவ. வாசிச்சிட்டு, இதென்ன எல்லாரும் கேள்வி கேள்வி எண்டு எழுதியிருக்கினம், என்ன கேள்வி எண்டு கேட்டவ."

"நீங்கள்?"

"அவவின்ர மேசையிலை கையை வைச்சனான். இது ஏன் பெண் எண்டு கேட்டனான்."

புஸ்பலதா அக்கா வாங்கிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"தெரியாதாம். பக்கத்து மேசைக்காரியைக் கேட்டவ. அவவுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சிரிச்சவை."

அண்ணை கொப்பியைத் திறந்து வாசித்தார்.

"இருபத்தேழாவது பேர். நத்தலி. கையெழுத்துப் போடேக்கை நாக்கு நுனியைக் கடிப்பா."

கார்ட் வைகாசியில் வந்தது. பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தோம். படத்தில் களவெடுத்த ஆள் மாதிரி இருக்கிறியள் என்றார் புஸ்பலதா அக்கா. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். ஆடி மாதம் முல்லைத்தீவுக்குப் போக அண்ணை ரிக்கற் போட்டிருந்தார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். என் மகன் எழும்பிப் பாலுக்கு அழுததால் நான் மட்டும் பின்வாங்கில் இருந்தேன். அண்ணை கதவடியில் நின்றார்.

"ரீச்சர், ஒண்டு கேக்கோணும்."

"கேளுங்கோ."

"முதல் நாளே உங்களுக்குத் தெரியுமோ, கடிதம் கேப்பினம் எண்டு? அதுக்காகத்தான் என்னை ஒவ்வொரு வாசலா அனுப்பினியளோ?"

ரீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அண்ணை."

"அப்ப ஏன் அனுப்பினியள்?"

ரீச்சர் துடைப்பதை நிறுத்தினார். முன்னால் இருந்த மேசையை, அந்த முதல் நாள் பார்த்த மாதிரியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெமி யோசிச்சுச் சொல்லுறன் எண்டவரெல்லோ அண்ணை," என்றார். "இன்னும் சொல்லேல்லையோ?"